கதவு மேடம்

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் நலம் விசாரிப்பார். சாத்துவார், திறப்பார், நிலையோடு உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். வீட்டுக்காரர்களிடம் "நல்லா இருக்கீங்களா?" என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். மண்சரிவுத் துறை அதிகாரி என்றால் மலைச்சரிவில் யாருக்கும் தெரியாது. கதவு மேடம் என்றால் வழி காட்டுவார்கள்.

நான் அவருடைய ஜீப் ஓட்டுநர். ஆரம்பத்தில் அவரும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சரிவு அபாயம் காட்டும் வண்ண வரைபடத்தைத்தான் வீடு வீடாகக் கொடுத்தார். ஜனங்கள் அழகாக இருக்கிறதே என்று சமையலறைப் பலகையில் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கிவிட்டார்கள். அன்றோடு மேடம் பேச்சை மாற்றினார். "ஒரு கதவு இறுகினா ஈரம். எல்லாக் கதவும் இறுகினா மண்ணு நகருது. உடனே பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புங்க." அவ்வளவுதான், சின்னப் பிள்ளைக்கும் புரிந்தது.

இந்த வாரம் விடாத அடைமழை. மதியம், தனியாக இருக்கும் தன் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மேல் வரிசையில் கடைசி வீடு, முதுகுக்குப் பின்னால் மண்மேடு. போன மழையில் தங்கை பேச்சைக் கேட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தவர் அந்த அக்கா. ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. அக்கம்பக்கம் சிரித்ததில் இருவருக்கும் பேச்சு வார்த்தையே குறைந்துபோயிருந்தது.

முன்கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. உள்கதவும் அப்படியே. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். மேடம் விடவில்லை. கதவின் ஓரத்தை விரலால் தடவினார். பெயிண்ட் போய் மரம் வெளுப்பாகத் தெரிந்தது.

"கதவை யாரு இழைச்சதுக்கா?"

அக்கா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நேற்று எல்லாக் கதவும் இறுகிக்கொண்டதாம், ஆசாரியைக் கூப்பிட்டுச் சரிபண்ணிவிட்டாராம். "இல்லாட்டி நீ வந்து மறுபடியும் கெளப்பிவிடுவ. போன தடவை ஊரே சிரிச்சுது."

காய்ச்சல் காட்டுகிற தெர்மாமீட்டரை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போச்சு என்கிற கதை! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேடத்துக்கு வரவில்லை.

"சிரிக்கட்டும்க்கா. இந்தத் தடவையும் ஒண்ணும் ஆகலைன்னா நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரிக்கிறதுக்கு நீ இருக்கணும்ல?"

அக்கா குழம்பைக் கிளறினார். பின்சுவருக்கு அப்பால் மண் பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டது. மேடம் வாசலுக்குப் போய் அக்காவின் செருப்பை எடுத்து வந்தார். சமையலறைத் தரையில் மண்டியிட்டு, அக்காவின் ஒரு காலைப் பிடித்துச் செருப்பை மாட்டினார்.

அடுப்பை அணைத்துவிட்டு, அடுத்த காலை அக்காவே நீட்டினார்.