ஆறு குடிசைகள் இல்லாத படம்

நான் பொய் சொன்னேன். 1994இல் திருப்போரூருக்கு அருகே ஒரு களத்துமேட்டின் வெயிலை வரைந்தேன்: அறுத்த வயல், வைக்கோல் போர், நெல் தூற்றும் பெண்கள். களத்தின் ஓரம் ஆறு குடிசைகள் இருந்தன. அவற்றின்மேல் கிடந்த நீலத் தார்ப்பாய் என் மஞ்சளைக் கெடுத்தது; விட்டுவிட்டேன். அதுவரை குற்றமில்லை. மூன்றாண்டு கழித்து அந்த இடத்தை மனை போட்டார்கள். குடிசைகளைக் காலி செய்வது பற்றித் தாலுகா அலுவலகத்தில் நடந்த விசாரணையில், நான் தேதியிட்ட அந்தப் படத்தை நீட்டி, "அப்போது குடிசைகள் இருந்தனவா?" என்று கேட்டார்கள். "கண்ணால் கண்டதை மட்டுமே வரைவேன்" என்றேன். பெருமைக்காகச் சொன்னது. ஆறு குடும்பங்களும் பின்னால் வந்து புகுந்தவர்கள் என்று முடிவாயிற்று.

2006, மாசி மாதம். காலை 7.40க்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். திருப்போரூருக்கு ஒன்பது ரூபாய். மடியில், குடிசைகளைச் சேர்த்துப் புதிதாக வரைந்த படம். களத்துமேட்டில் எல்லைக் கற்களும் மாடி வீடுகளும் நின்றன.

"இன்னா பெர்சு, பிளாட்டா? எல்லாம் வித்துப்போச்சு" என்றார் ஆட்டோக்காரர்.

விசாரணையில் குடிசைக்காரர்களுக்காகப் பேசிய கன்னியம்மா எங்கே என்று கேட்டேன்.

"அது மாபலிபுரத்துல கீது. சிலைப் பட்டறைக்குப் பின்னால."

11.30க்கு மாமல்லபுரம். உளிச் சத்தம், எங்கும் வெள்ளைத் தூசி. கன்னியம்மா ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, வாடகை அறை வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"படம் போடற ஆளு! இன்னும் சாவலியா நீ?"

எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யை ஒப்புக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு எழுதியதையும், கோப்பு முடிந்தது என்று இரண்டு வரியில் பதில் வந்ததையும் சொன்னேன். அவள் கை கழுவிவிட்டுப் படத்தை வாங்கினாள்.

"இது யார் வூடு?"

"உங்களுடையது. மூன்றாவது."

"என் வாசப்படி கெயக்கால பாத்துகினு இருந்துச்சி. இதுல வடக்கால கீது. பக்கத்து அஞ்சல வூடு ஓடு, ஓலக் கூரையில்ல. முருங்கமரம் எங்க?" நிமிர்ந்தாள். "நாள்பூரா எங்க எதுருலதான குந்திகினு இருந்த? இன்னாத்த பாத்த?"

பென்சிலை எடுத்து, சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன் என்றேன்.

"வாணாம். எட்த்துகினு போ. என் பொண்ணு வவுத்துப் புள்ளைங்க இதப் பாத்துட்டு, இதான் நம்ம வூடுன்னு நம்பிக்கும்."

2.15 பஸ்ஸில் படத்தோடு திரும்பினேன். மாலையில் கூடுவாஞ்சேரிக்கு வந்து சேர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு என் வீட்டை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.