ஆவி அக்கா நிறுத்திய அறுவைச் சிகிச்சை

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், அறுவைக் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அறையில் அவளுக்கு இருபது வருட வேலை. எல்லோருக்கும் அவள் 'ஆவி அக்கா'. புதிதாக வரும் நர்சுகள் அந்தப் பேரைக் கேட்டுச் சற்றுப் பயந்துதான் படியிறங்குவார்கள்.

சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளரின் வசவுக்குப் பயந்து ஒழுங்காக வேலை பார்த்தாள். பிறகு நல்ல பேர் வாங்கும் ஆசை வந்தது. வரவேற்பறைச் சுவரில் அவள் படம்கூடத் தொங்கியது. அதன்பின் விதிப்புத்தகம்தான் எல்லாம். ஒரு நிமிடம் முன்னதாக ஆவி இயந்திரத்தின் கதவைத் திறக்கச் சொன்ன பெரிய டாக்டரிடமே, "பதினேழாம் பக்கம் பாருங்க சார்" என்றவள்.

ஒரு நாள் காலை, பூட்டு சரியாக விழாத கருவிப் பெட்டி ஒன்றைத் திறந்தாள். வெளியே ஒட்டிய, ஆவி பட்டால் கறுக்கும் பட்டை கறுத்திருந்தது. உள்ளே இருந்த பட்டை வெள்ளையாகவே கிடந்தது. உள்ளே ஆவி போகவில்லை.

பெட்டிகளை அடுக்கியவள் அவளுடைய நாத்தனார். இவள் சிபாரிசில் வேலைக்கு வந்தவள்.

"எத்தனை அடுக்கின?"

"ஆறு வைக்கிற இடத்துல ஒன்பது, அண்ணி. மேல ஆபரேஷன் தியேட்டர்ல அவசரப்படுத்தினாங்க. ரெண்டு ஏற்கெனவே போயிடுச்சு. வெளிப்பட்டை கறுப்பாத்தானே இருக்கு? சொன்னா என் வேலை போயிடும்."

வெளிப்பட்டையைப் பார்த்தால் போதும் என்றுதான் விதிப்புத்தகமும் சொன்னது. மேலே மேசையில் படுத்திருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் இவர்களை நம்பிக் கண்ணை மூடியிருக்கிறார் என்பது மட்டும் உறைத்தது. போனை எடுத்தாள்.

"கத்தியத் தொடாதீங்க சார். ரெண்டு பெட்டியும் சரியில்ல."

பெரிய டாக்டர் கத்தித் தீர்த்தார். வேறு பெட்டிகள் போயின. நாற்பது நிமிடம் தாமதம். நோயாளி நான்காம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அறுவைக்கு மறுநாளே மேற்பார்வையாளர் வேலைநீக்கக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் அழுதுகொண்டு நின்றாள்.

"தப்புதான் சார். ஆனா கேட்டதும் மறைக்காம சொன்னா," என்றாள் அக்கா. "இவள அனுப்பினா நாளைக்கு யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. மேல படுத்திருக்கிறவங்களுக்கு அப்ப யாரு பதில் சொல்றது? உள்பட்டையப் பாக்கணும்னு புத்தகத்துல இல்ல, அதையும் எழுதுங்க. அவசரப்படுத்தினது யாருன்னும் எழுதுங்க."

"நான்தான்," என்றார் வாசலில் நின்ற பெரிய டாக்டர்.

கடிதம் இழுப்பறைக்குள் போனது. உள்பட்டையைப் பார்ப்பது விதியாயிற்று. தன் தவற்றைத் தானே சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்றும் எழுதினார்கள். நாத்தனார் மட்டும் ஒரு வாரம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள் நாத்தனாரே போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அனுப்ப மாட்டேன் சார். நான் தப்பா அடுக்கிட்டேன், மறுபடி வேகவைக்கணும். திட்டுறதுன்னா திட்டிக்குங்க."

ஆவி அக்கா காதில் விழாததுபோல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கத்தான் படாத பாடு பட்டாள்.