ரோசாவிடம் நான் கேட்காத கேள்வி

அன்பான தேவபிள்ளைகளே, ஜெபத்தைக் கேட்கிற ஆண்டவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இதைப் படித்து யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம்.

1998, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள். ஹூஸ்டனில் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான பேர்லேண்டில் அக்கா வீட்டில் தங்கி, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போவேன். அந்த வார்டில் முக்கால்வாசிப் பேருக்கு ஸ்பானிஷ் மட்டுமே தெரியும். மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் நோயாளியிடம் பேச வேண்டும் என்பது அங்கே சட்டம். அவரைக் கூப்பிட்டால் வந்து சேர நேரமாகும்.

ஒரு நாள் காலை ரோசா என்ற மெக்சிகோப் பெண் காலில் சீழ் வைத்து, காய்ச்சலோடு வந்தாள். என் வயதுதான் இருக்கும். கூடவே கணவர். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். எந்த மருந்தாவது அவளுக்கு ஒத்துக்கொள்ளாதா என்று அவரைக் கேட்டேன்.

"நோ, மிஸ். நத்திங்" என்றார்.

ரோசா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நம் ஊர் ஆஸ்பத்திரியில் அப்படித்தானே? படுத்திருப்பவருக்கு நோய், பதில் சொல்வது கூட வந்தவர். பெண்ணாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், புருஷன் சொன்னதே வேதவாக்கு. ஒவ்வாமை எதுவும் இல்லை என்று நோயாளியே சொன்னதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

அதை நம்பி நர்ஸ் பென்சிலின் ஏற்றினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ரோசாவின் உதடு வீங்கியது, மூச்சு முட்டியது. ஓடிவந்தவர்கள் என்னைத் தள்ளிவிட்டு, தொண்டையில் குழாய் போட்டு ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். சிறுவயதில் இதே மருந்தால் அவளுக்கு இப்படி ஆகியிருக்கிறது என்று பிறகு வந்த அவள் அம்மா சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது கணவருக்கு எப்படித் தெரியும்?

நான் முதலில் என்ன ஜெபித்தேன் தெரியுமா? பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, யாரும் என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது" என்று ஜெபித்தேன். எழுதவே கூசுகிறது. ஒருத்தி சாகக் கிடக்கிறாள், நான் என் விசாவுக்காக அழுதேன்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன்.

"அவளேதான் சொன்னான்னு சொல்லிடு. உன்னை ஃபெயில் பண்ணிட்டா விசா என்ன ஆகும், யோசிச்சியா?"

அக்கா கெட்டவள் இல்லை. நான் கேட்க ஆசைப்பட்டதைத்தான் சொன்னாள்.

மறுநாள் ஐ.சி.யு. வாசலில் அந்தக் கணவர் நின்றிருந்தார். "மை ஃபால்ட், மிஸ். ஐ டெல் யூ நோ" என்று மன்னிப்புக் கேட்டார். என்னிடம். அவர் முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுவரோரம் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் படிப்பு போனால் போகட்டும். அவளை எழுப்பிக் கொடும்." அவ்வளவுதான் ஜெபம். எழுந்து நேரே எங்கள் ஆசிரியையிடம் போய், ரோசாவை நான் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். ரோசா தானாக மூச்சு விட்டாள். அந்த வாரமே கல்லூரியில் என்னை ஃபெயில் பண்ணினார்கள்.

அவள் வீட்டுக்குப் போகுமுன், மொழிபெயர்ப்பாளர் மூலமாக அவளிடமே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ரோசா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சபையில் இதைச் சொன்னபோது ஒரு அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பாஸ் ஆனப்புறம் சொல்லியிருக்கலாம்ல? இதுல என்ன ஆசீர்வாதம் இருக்கு?"

கசப்பாக இருந்தது. இன்றும் அந்தக் கசப்பு போகவில்லை. கிரீன் கார்டு வந்தால் நமக்கு ஆசீர்வாதம். யாரோ ஒரு மெக்சிகோக்காரி பிழைத்தால் அதற்கு ஒரு அல்லேலூயாகூடக் கிடையாது.

விசா எப்படியோ தப்பியது; ஃபெயிலான பாடத்தை மறுபடி படித்து, தாமதமாக நர்ஸ் ஆனேன். இப்போது பக்கத்தில் யார் நின்றாலும், படுத்திருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

நீங்களும் அவரை நம்பி ஜெபியுங்கள். உங்களுக்கு நஷ்டம் வருகிற ஜெபமாக இருந்தாலும் துணிந்து ஜெபியுங்கள். அன்று சுவரோரம் நான் சொன்ன இரண்டையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த வருடம் என் படிப்பு போனது. ரோசா எழுந்தாள். அவருக்கே ஸ்தோத்திரம்.