யாரும் கேட்காத நேரம்

அரசின் அளவீட்டு ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் கடிகாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கம்பக்கத்தாருக்கோ அவள் கடிகார ரிப்பேர்க்காரி. நின்றுபோன சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள்; அவளும் சலிக்காமல் பேட்டரி மாற்றிக் கொடுப்பாள். நாட்டின் நேரத்தையே காப்பது அவள் வேலை என்றால் யார் நம்புவார்கள்?

ஆய்வகத்தின் நிலவறையில் மூன்று அணுக்கடிகாரங்கள் இருந்தன. வானொலிக்கும் வங்கிகளுக்கும் தொலைபேசி நிலையங்களுக்கும் அங்கிருந்துதான் நேரம் போனது. ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். முதலாவது ஆயுள் முடிந்து நின்றது. மிச்சமிருந்த இரண்டும் ஒத்துப்போகாதபோது எது பொய் சொல்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. புதிய கருவி கேட்டாள். கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பிறகு இரண்டாவதும் போனது.

"நாட்டுக்கே நேரம் சொல்றவ, ஒரு நாளாவது நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கியா?" என்பார் கணவர். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்து கட்டிலோடு கிடந்தார். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு மழைநாள் காலையில் மின்சாரம் போனது. மின்சாரம் போனால் கடிகாரத்தைத் தாங்கவேண்டிய பேட்டரிகள் உப்பிப்போயிருந்தன; அவற்றை மாற்றச் சொல்லி அவள் எத்தனையோ தடவை தொண்டை வறளக் கத்தியிருந்தாள். அவை கைவிட்டன. அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தபோது கடைசிக் கடிகாரத்தின் விளக்கு அணைந்திருந்தது. மின்சாரம் திரும்பியும் அது உயிர் பெறவில்லை.

இயக்குநர் பதறவில்லை. "செயற்கைக்கோள்ல இருந்து நேரத்த எடுத்துக்கலாம்மா. எல்லாரும் அதத்தானே பண்றாங்க?"

"அது அடுத்த நாட்டுக்காரங்க நேரம் சார். நாளைக்கு அவங்க நிறுத்திட்டா?"

"நிறுத்தும்போது பாத்துக்கலாம்."

அவளே தன் கையால் இணைப்பை மாற்றினாள். அதற்குள் நேரம் கொஞ்சம் தடுமாறியிருக்கும். யாராவது கேட்பார்கள் என்று தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வந்தது ஒரே ஒரு அழைப்பு. கேன்டீனிலிருந்து, சாப்பாடு எடுத்து வைக்கவா என்று.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"கடிகாரம் நின்னுபோச்சுங்க."

"யார் வீட்டுது?"

"நம்மளோடது."

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். நல்ல கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொள்ளவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதம் அவளை எடைக்கற்களைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நிலவறைக்குள் உடைந்த நாற்காலிகளை அடுக்கினார்கள். சாவியை ஒப்படைக்கப் போனபோது, "இது எந்தக் கதவோடதும்மா?" என்று கேட்டார் ஸ்டோர் கிளார்க்.

அவள் சொன்னாள். அவர் சரியாகக் காதில் வாங்காமலே அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.