பெஞ்சுக்கு அடியில் ஓடிய எஞ்சின்

“பெல்லு அடிக்காம நிறுத்த மாட்டேன்” என்று பெஞ்சுக்கு அடியிலிருந்து குரல் வந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன் என்று மாமி தினமும் திட்டித் தீர்க்கும் பையன், அந்த இருட்டு இடுக்கில் நெடுநேரமாகக் குந்தியிருக்கிறான். யாரும் அவனை அங்கே உட்கார வைக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தது மாமியின் நர்சரி. கீழே சுக்குக் கிடங்கு, மேலே ஒரே அறை, கம்பி போட்ட ஒரே ஜன்னல். பிள்ளைகள் ஏறி வந்ததும் கதவைத் தாழ் போட்டுவிடுவோம். மத்தியானம்தான் திறப்போம். நான் பிரீடிகிரி முடித்திருந்தேன். இரண்டு வருஷம் தினமும் படகேறி எர்ணாகுளம் போய் வந்தவளை, “படிச்சது போறும், இனி நல்ல இடமாப் பாக்கணும்” என்று அப்பா நிறுத்திவிட்டார். மாமியின் மாடி எங்கள் தெருவுக்குள்ளேயே இருந்ததால் அங்கே மட்டும் போகலாம். தாழ் போடும் கை என்னுடையது என்றாலும் நானும் உள்ளேதான்.

அன்று மாமி சிலேட்டு வாங்க எர்ணாகுளம் பிராட்வேக்குப் போயிருந்தாள். “பெஞ்ச் ஒண்ணையும் அனக்கப்படாது, இழுத்தா கீழே கிடங்குக்குச் சத்தம் போகும், கேட்டயா குட்டி?” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. படகுத்துறையிலிருந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் ஜெட்டியிலிருந்து, படகு ஊதியது. அவ்வளவுதான், கிடங்கு கணக்கப்பிள்ளையின் மகள் எழுந்து இரண்டு பெஞ்சுகளை எதிரெதிரே இழுத்துப்போட்டு, “நான்தான் சிராங்கு” என்றாள். எங்கள் படகுகளில் சிராங்கு முன்னால் நின்று சுக்கான் பிடிப்பார். எஞ்சின்காரர் கீழே குழிக்குள் இருப்பார். அவருக்குத் தண்ணீரும் தெரியாது, கரையும் தெரியாது. மேலிருந்து சிராங்கு அடிக்கும் மணியைக் கேட்டு ஓட்ட வேண்டும், நிறுத்த வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சிராங்கு ஆகத்தான் சண்டை போட்டார்கள். எஞ்சினுக்கு ஆளில்லை. அந்தப் பையன் மட்டும் தானாகவே பெஞ்சுக்கு அடியில் நுழைந்துகொண்டு டுக்டுக்டுக் என்று ஆரம்பித்தான்.

“டேய், ஜெட்டி வந்தாச்சு, நிறுத்து!” என்றாள் சிராங்கு.

“பெல்லு அடி.”

“நான்தான் சொல்றேனே!”

“நீ சொன்னா எஞ்சினுக்குக் கேக்காது.”

பயணிகளில் ஒருத்தி தனக்கு ஒண்ணுக்கு வருகிறது, இறங்க வேண்டும் என்று அழுதாள். “கரை அடுக்கட்டும். வெள்ளத்துல சாடுவியா?” என்று பக்கத்திலிருந்தவன், கரை சேரும் முன் தண்ணீரில் குதிக்க விடாமல் அவளைப் பிடித்து உட்கார்த்தினான். சிராங்கு வேறு வழியில்லாமல் மாமியின் கைமணியைத் தேடி எடுத்து அடித்தாள். எஞ்சின் நின்றது.

நான் குனிந்து ஆசை காட்டினேன். “வெளிய வந்து பாரேண்டா, எர்ணாகுளம் தெரியறது.”

“எனக்குத் தெரியாது. எனக்குப் பெல்லு மட்டுந்தான் கேக்கும்” என்றான், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

அவனுடைய அம்மா முனிசிபாலிட்டியில் தெரு பெருக்குகிறவள். எங்கள் தெருவும் அவளுடையதுதான். விடியும் முன்பே வேலைக்கு வந்துவிடுவாள். அவன் அப்பா தோப்பும்படி மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போய்விடுவார். ஒரு தடவை இவன் தனியே ஜெட்டி வரைக்கும் ஓடிவிட்டதிலிருந்து, பழைய சேலையால் இடுப்பில் கட்டி வீட்டு ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டு வருவாள். ஒருநாள் அவள் வாசலில் நின்று இவனையும் நர்சரியில் சேர்த்துக்கொள்ளக் கேட்டபோது, முடியாது என்று சொல்ல மாமிக்கு வாய் வரவில்லை. ஆனால் மற்ற அம்மாக்களுக்கு வாய் இருந்தது. இவன் ஓடுகிறான், தள்ளுகிறான், எங்கள் குழந்தைகளும் கெட்டுப்போகும் என்றார்கள். ஓடுவது மட்டும்தான் அவர்களுக்குக் குறையா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எனக்கோ அவன் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில் தலைகால் புரியவில்லை. மணியில்தான் விஷயம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் பாட்டு நேரத்தில் அவன் எழுந்து ஓடியபோது மாமியின் கண்ணெதிரே மணியை அடித்தேன். அவன் நின்றான். சுற்றிலும் பார்த்தான். “போட்டு எங்க?” என்று படகைத் தேடினான். பிறகு ஜன்னலுக்கு ஓடிக் கம்பியில் ஏறிவிட்டான்.

“என்னடீ இது, பூஜைக்கா மணி அடிக்கறே?” என்றாள் மாமி. “போறும். நானும் எத்தனை பேருக்குச் சமாதானம் சொல்றது? திங்கட்கிழமை ஒருநாள் பாப்பேன். அன்னிக்கும் இவன் இப்படியே ஆடினா, கூட்டிண்டு போகச் சொல்லிடு.”

மத்தியானம் அவன் அம்மா வந்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாமி சொன்னதைக் கேட்டாள். என்னிடம்தான் திரும்பினாள். “அக்கா, முன்னெல்லாம் கட்டுனா அழுவான். ஆனா இங்க வர்றதுக்கு முந்தி கொஞ்ச நாளா அழுறதையே விட்டுட்டான். நான் போயி அவுத்துவிட்டாலும் அப்படியே உக்காந்துருப்பான். அதுதான்க்கா பயமா இருக்கு.”

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சேலையில் கட்டுண்டு உட்கார்ந்தது, எஞ்சினாக உட்கார்ந்தது, இரண்டும் உட்காருவதுதான். ஒன்றில் அவன் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. மற்றதில் அவன் இல்லாவிட்டால் படகு நடுத் தண்ணீரில் நின்றுவிடும், பயணிகளெல்லாம் கத்துவார்கள். அந்தக் குழியில் அவனைப் பிடித்து வைத்தது மணி இல்லை, மேலே இருந்த மற்றப் பிள்ளைகள். கத்தினால் காரியம் நடக்காது என்று சிராங்குக்கும் அவன்தான் கற்றுக்கொடுத்தான். என் வாயால் அவர்களுக்கு நான் அதைப் புரியவைத்திருக்க முடியாது.

மறுநாள் மாமி பக்கத்திலேயே இருந்த தன் வீட்டு அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மறுபடி படகு விட்டோம். இந்தத் தடவை நான் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு ஜெட்டிக்கும் ஓர் எழுத்து என்று சொல்லி, அந்த எழுத்துகளைப் பெஞ்சின் அடிப்பலகையில் சாக்பீஸால் எழுதினேன். எஞ்சின் கேட்டது: “அடுத்தது எந்த ஜெட்டி?” சிராங்கு வாயைத் திறந்தாள். “சொன்னா கேக்காது, எழுதிக் காட்டு” என்றது எஞ்சின். அவள் சிலேட்டில் எழுதி அடியில் நீட்டினாள். அவன் மல்லாந்து படுத்து, சிலேட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றில் விரலை வைத்தான். சரியான எழுத்து.

மாமியிடம் ஓடிச் சொன்னேன். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: “பெஞ்சுக்கு அடீல படுக்கவெச்சு எந்தப் பள்ளிக்கூடத்துலடீ பாடம் எடுக்கறா?”

“ஒரு தடவை வந்து பாருங்கோ மாமி.”

“பாத்து? ஜன்னலோரமா நின்னு வேடிக்கை பாக்கவா? எனக்கு வேற ஜோலி இருக்கு.”

மாமி சொன்னது சரிதான் என்று தோன்றியது. ஓரமாக நின்று பார்த்தால் அவளுக்கு ஒரு அழுக்குப் பையன் தரையில் கிடப்பதுதான் தெரியும். நானே அன்று குனிந்து அவனோடு பேசியிராவிட்டால் எனக்கும் அதுதான் தெரிந்திருக்கும்.

நாளை திங்கட்கிழமை. அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வருகிறது. அது அமைந்துவிட்டால் இந்த நாலு வீட்டு நடையும் எனக்கு இல்லை. அதனால் தள்ளிப்போட முடியாது. மாமி மாடியேறும் முன்பே பெஞ்சுகளை எதிரெதிரே போட்டுவிடுவேன், சத்தம் வந்தால் வரட்டும். எஞ்சின் குழிக்குள் போயிருக்கும். மாமி வாசலில் நின்று கத்தத் தொடங்கும்போது அவள் கையில் மணியைக் கொடுக்கப் போகிறேன். நிறுத்து என்று எவ்வளவு கத்தினாலும் அவன் நிறுத்த மாட்டான். மாமி அடிக்க வேண்டும். அடித்தால் அவளும் படகுக்குள் வந்தாயிற்று.

அடிக்காமல் மணியை என் தலையில் போட்டாலும் போடுவாள். அவள் உள்ளே வந்ததும் கதவை மட்டும் வழக்கம்போல் தாழ் போட்டு வைக்கிறேன். மாமியும் சட்டென்று இறங்கிப் போக முடியாது.