டேப்பில் ஒரு துளை

ஐம்பத்தெட்டு வயது, ஐம்பது மீட்டர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவரம்மாவுக்கும் அணியில் அவருடைய இடத்துக்கும் நடுவே நின்றவை இந்த இரண்டு எண்கள்தான்.

வாரம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஞாயிறானால் ரைஃபிள் கிளப். டெலஸ்கோப் இல்லாமல் வெறும் கண்ணால் குறிபார்க்கும் பிரிவில் பல வருடமாக அணியில் இருக்கிறார். இந்த வருடம்தான் கண் காலை வாரியது. தூரத்து இலக்கு அட்டை பளிச்சென்று தெரிகிறது. ஆனால் குழல் முனையில் நிற்கும் முன்குறி, அந்தச் சின்ன இரும்பு முள், பஞ்சு மாதிரி உப்பிக் கிடக்கிறது. முள் மங்கினால் எதை வைத்துச் சுடுவது?

"டெலஸ்கோப் பிரிவுக்கு மாறிடுங்களேன்க்கா," என்றார் கிளப் செயலாளர். "வர்ற ஞாயித்துக்கிழமை பத்து குண்டுல நூத்துக்கு எண்பத்தஞ்சு வரலைன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடும்."

"வந்துட்டா?"

"யாரும் அசைக்க முடியாது."

வழி சொன்னவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்தே தெளியும் என்றார். வயர்மேனான கணவர் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சூடாக்கிய ஊசியால் துளை போட்டு, ஞாயிறு காலையில் சாப்பாட்டு மேசையில் வைத்தே வலது கண்ணாடியில் ஒட்டிவிட்டார். எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகூடக் கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. டிரைவரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கிளப்பில் குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்தார். ஒரே இருட்டு. முள்ளும் இல்லை, அட்டையும் இல்லை.

"என்ன ஆச்சு?" பின்பெஞ்சிலிருந்து கணவர்.

"கரண்ட் போயிடுச்சு."

"விளையாடாதே, நேரம் ஓடுது."

சட்டென்று பிடிபட்டது. வீட்டு மேசை முன் டிரைவரம்மா ஸ்டியரிங் முன்னால் இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். துளை கண்ணுக்கு நேராக விழுந்தது. இங்கே தலை சாய்ந்ததும் பார்வை கண்ணாடியின் மேல்மூலையில், மூக்கை ஒட்டிப் போகிறது.

"தப்பான இடத்துல வாசல் வச்சிருக்கீங்க!"

"நீ உக்காந்த இடத்துலதானே வச்சேன்?"

டிரைவரம்மா கன்னத்தை எடுக்காமல், இடது விரலால் டேப்பை உரித்து மேலே தள்ளினார். இன்னும் கொஞ்சம். மூக்குப் பக்கம் ஒரு இழை. முள் மையால் வரைந்தது போல் கறுகறுவென்று எழுந்து நின்றது; அதன் தலையில் இலக்கின் கறுப்பு வட்டம், எலுமிச்சம்பழம் உட்கார்ந்த மாதிரி.

முதல் குண்டு ஒன்பது. அடுத்தது பத்து. நடுவில் ஒரு ஏழு விழுந்தபோது பின்பெஞ்சு பெருமூச்சு விட்டது. அவர் திரும்பவே இல்லை.

செயலாளர் அட்டையோடு கிட்டத்தட்ட ஓடியே வந்தார். "எண்பத்தெட்டு, அக்கா!"

கணவர் கை நீட்டினார். "கண்ணாடியைக் குடு, டேப்பை நேரா ஒட்டித் தரேன். பார்க்கச் சகிக்கலை."

"தொட்டுத்தான் பாருங்களேன்!"

அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர் அணியோடு போட்டி. மூன்றாவது தடத்தில் டிரைவரம்மா சுடுகிறார்.