வாய் திறக்காத கம்ப்யூட்டர்

மடுல்கெல்லையில் நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலைக்கு, கண்டியில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்ட ஆறு பழைய கம்ப்யூட்டர்கள் வந்து சேர்ந்திருந்தன. புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவும் அவற்றில் ஓடாது. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்து பார்ப்பார், ஓடாவிட்டால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் அறையைக் களஞ்சியமாக்கிவிடுவார்கள் என்று பாடசாலை அதிபர் சொன்னார். வரட்டும் என்றேன்.

யுனிக்ஸ் வழியில் வந்த, இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிஸ்டத்தை ஆறிலும் ஏற்றினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படம் கிடையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள்.

“இது பழசு டீச்சர்.”

பழசுதான், அதன் கதையைக் கேளுங்கள் என்றேன். அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பனி, வேறு பெரிய இடங்களோடு சேர்ந்து மாபெரும் சிஸ்டம் ஒன்று செய்யப் புறப்பட்டது. வேலை இழுபட்டுக்கொண்டே போக, கம்பனி கைகழுவியது. அங்கே வேலை செய்த சிலர் மட்டும் அடங்கவில்லை. யாரும் அதிகம் தொடாமல் கிடந்த சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்து, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எழுதினார்கள். அதுதான் யுனிக்ஸ். உங்கள் அம்மாவின் போனுக்குள் ஓடுவதும் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான் என்றதும் வகுப்பு நிமிர்ந்தது. அவர்கள் கையிலிருந்ததும் ஒதுக்கிவைத்த மெஷின்தான், நம் கையிலிருப்பதும் அதுதான். நாம் மட்டும் ஏன் குனிய வேண்டும்?

முதலில் ஒரு ஃபைலைப் பிரதி எடுக்கும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்தேன். அடித்தார்கள். திரையில் ஒன்றும் வராததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“டீச்சர், அது மாட்டேங்குது,” என்றாள் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி.

“யார் சொன்னது?”

“பதிலே சொல்லல்லையே.”

மௌனம் சம்மதம் என்பார்கள். தோட்டத்தில் அது செல்லாது. என் அம்மா கூரைத் தகரம் கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றபோது, தோட்டத்தை நடத்தும் துரை கடதாசியிலிருந்து தலை நிமிரவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து, ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்தாள். துரை பேசாவிட்டால் இல்லை என்று அர்த்தம். இதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பிள்ளைகள் மேல் அல்ல.

“இது துரை இல்ல,” என்றேன். “சொன்ன வேலைய செஞ்சிட்டு சும்மா இருக்கும். பிழைன்னா மட்டும்தான் வாயத் தொறக்கும்.”

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கையில் கோப்பு, முகத்தில் அவசரம். அதே பிள்ளையைக் கூப்பிட்டு, ஏதாவது செய்து காட்டச் சொன்னார். அவள் பிரதி எடுக்கும் கட்டளையை அடித்தாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை.

“பாருங்க, ஒண்ணுமே வரல்ல. இதுங்களுக்கு டைப்பிங் போதும் டீச்சர், பல்லேகலை ஃபேக்டரியில ஒரு வேலை கெடச்சா சரி. கம்ப்யூட்டர் சரித்திரமெல்லாம் எதுக்கு?”

நான் வாயைத் திறக்குமுன் அவள் திறந்தாள்.

“வேலை முடிஞ்சிருச்சு சேர். பிழைன்னா சொல்லியிருக்கும்.”

தரையைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு ஃபைல்களின் பட்டியலைக் கொண்டுவந்தாள். ஒன்றாக இருந்த ஃபைல் இரண்டாகியிருந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த கர்வத்தை நான் மறைக்கவில்லை.

அதிகாரி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கோப்பை மூடினார். ஒரு வார்த்தை பேசாமல் போய் வாகனத்தில் ஏறினார். அதிபர் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தார். கம்ப்யூட்டர்கள் போகுமா, இருக்குமா என்று அவருக்கும் தெரியவில்லை.

“சேர் என்ன சொன்னாரு டீச்சர்?” என்று அவள் கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல்ல.”

கொஞ்சம் யோசித்தாள். “அப்ப பிழை இல்ல,” என்றாள்.

திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தேன். இன்றும் திறக்கிறேன். சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால், அதிகாரி வாய் திறந்து கேட்கட்டும்.